பானெட் கொக்கியைக் கழட்டிப் போடாதீங்க

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் மதுரை திருநகர்ல இருந்து எழுதுறேன். எங்க அப்பா காலத்துல இருந்து உங்க பேப்பர்தான் வீட்டுக்கு வருது, காலைல பேப்பரைப் பிரிச்சதும் வாசகர் கடிதம் பகுதியைத்தான் முதல்ல பார்ப்பேன், ஆனா நானா உக்காந்து எழுதுறது இதுதான் முதல் தடவை. ரோட்டு விபத்து பத்தி தினமும் செய்தி போடுறீங்க, ஹெல்மெட் பத்தி வருது, சீட்பெல்ட் பத்தி வருது, தேஞ்ச டயர் பத்தி வருது. காரோட பானெட்டை மூடிப் பிடிச்சு வைக்கிற லாக்கைப் பத்தியும் அதுக்குப் பக்கத்துல இருக்குற ஒரு சின்ன கொக்கியைப் பத்தியும் யாரும் எழுதி நான் பார்த்ததில்ல. அந்தக் கொக்கி இல்லாமப் போனதாலதான் மாசி சிவராத்திரி அன்னைக்கு எங்க வீட்டு ஆளுங்க அஞ்சு பேரு சாவை நேர்ல பார்த்துட்டு வந்தோம். கடிதம் கொஞ்சம் நீளம்தான், முடிஞ்சா வெட்டாமப் போடுங்க.

எங்ககிட்ட இருக்கறது 1978 மாடல் அம்பாசிடர், மார்க் 3. அப்பா வாங்குன வண்டி, அவரு போனதுக்கு அப்புறமும் விக்க மனசு வரல, எங்க அக்கா கல்யாணத்துக்குப் பொண்ணழைப்பு அதுலதான், என் மக பிறந்து ஆஸ்பத்திரில இருந்து வீட்டுக்கு வந்ததும் அதுலதான். இப்பவும் வாரத்துல ரெண்டு நாள் எடுப்பேன், குலசாமி கோயிலுக்குப் போறதுன்னா அந்த வண்டிலதான் போகணும்னு அம்மா சொல்லிருவாங்க.

போன கார்த்திகைல ஒருநாள் ரேடியேட்டர்ல தண்ணி பார்க்கலாம்னு உள்ள டேஷ்போர்டுக்குக் கீழ இருக்குற குமிழை இழுக்குறேன், குமிழு மட்டும் ஒயரோட கையோட வந்துருச்சு. பானெட் அசையவே இல்ல. பக்கத்துல ஒரு ஒர்க்‌ஷாப்ல இருந்து பசங்க வந்தாங்க, முன்னாடி கிரில் வழியா நீளமான ஸ்க்ரூ டிரைவரை விட்டு ஒருத்தர் நெம்ப, இன்னொருத்தர் பானெட்டை உள்ளங்கையால கீழ அமுக்கிக்கிட்டே இருக்க, அப்படித் திறந்தாங்க. அதுவரைக்கும் சரியாத்தான் செஞ்சாங்க, அதை நான் குறை சொல்ல மாட்டேன். பானெட் மாட்டிக்கிச்சுன்னா ஒருத்தர் மேல இருந்து அமுக்கணும், அப்பத்தான் ஸ்பிரிங்கோட பாரம் லாக் மேல இருந்து இறங்கும், இன்னொருத்தர் அந்த நேரம் இழுக்கணும், தனியா நின்னு இழு இழுன்னு இழுத்தா மிச்சம் இருக்குற ஒயரும் போயிரும்.

அதுக்கு அப்புறம் செஞ்சதுதான் தப்பு. புது ஒயர் கைவசம் இல்லைன்னு லாக் தகட்டுல ஒரு நைலான் கயித்தைக் கட்டி கிரில் ஓரமா வெளிய விட்டுட்டாங்க, "இதை இழுத்தாத் திறக்கும்ணே, ஒயரெல்லாம் வேண்டாம்"னு சொல்லிட்டாங்க. பக்கத்துல இருந்த சேஃப்டி கொக்கியோட ஸ்பிரிங் விட்டுப் போயி அது தொங்கிக்கிட்டு இருந்தது, ஒரு பையன் அதைக் கழட்டி ஓரமா வச்சுட்டு, "இது கையைத் தட்டிக்கிட்டே இருக்கும்ணே, மெயின் லாக் பிடிச்சாப் போதும்"னான். நானும் சரிப்பான்னுட்டேன். அந்த ஒர்க்‌ஷாப் பேரைச் சொல்ல நான் விரும்பல, ஏன்னா இதே வேலையை எத்தனையோ இடத்துல செய்றாங்க, சரின்னு தலையாட்டுனதுல எனக்கும் பங்கு இருக்கு.

சிவராத்திரி அன்னைக்கு சாயங்காலம் கள்ளிக்குடிப் பக்கம் எங்க குலசாமி கோயிலுக்குக் கிளம்புனோம். முன்னாடி எனக்குப் பக்கத்துல அம்மா, மடியில பொங்கப்பானை, பின்னாடி வீட்டுக்காரம்மா, மக, நாலு வயசு பேரன். திருமங்கலம் தாண்டி நாலுவழிச்சாலைல 70 கிலோமீட்டர் வேகம்தான் போயிட்டு இருந்தேன், அதுக்கு மேல அந்த வண்டியை நான் விரட்டுறதில்ல. பானெட்டோட முன் விளிம்பு ஒரு விரக்கடை தூக்கிட்டு நடுங்குது, கண்ணால பார்க்குறேன், என்னடா இதுன்னு ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுக்குறதுக்குள்ள படார்னு மேல வந்து கண்ணாடில அறைஞ்சிருச்சு. முன் கண்ணாடி மொத்தமும் கல்கண்டு மாதிரி நொறுங்கி நின்னுச்சு, முன்னாடி ஒண்ணுமே தெரியல, வானம் தெரியல ரோடு தெரியல, பின்னாடி ஒரு லாரிக்காரர் ஹாரனை விடாம அடிக்கிறார். அம்மா கருப்பா கருப்பான்னு கத்துறாங்க.

பிரேக்கைச் சட்டுனு மிதிக்கல, அது ஒண்ணுதான் அன்னைக்கு நான் செஞ்ச நல்ல காரியம். மிதிச்சிருந்தா லாரி எங்க மேல ஏறியிருக்கும். ஸ்டியரிங்கை நேரா பிடிச்சுக்கிட்டு, தலையைப் பக்கத்து ஜன்னல் வழியா வெளிய நீட்டி ரோட்டோரத்துக் கோட்டைப் பார்த்துப் பார்த்து, இடது இண்டிகேட்டரைப் போட்டு, மெதுவா ஓரங்கட்டி நிறுத்துனேன். இறங்குனா காலு நிக்க மாட்டேங்குது. பேரனுக்கு நெத்தில ஒரு கண்ணாடித் துண்டு பட்டு லேசா ரத்தம், அவ்வளவுதான், சாமி காப்பாத்துச்சு. பொங்க வைக்கக் கொண்டுபோன விறகுக்கட்டைப் பிரிச்சு அந்தக் கயித்தால பானெட்டைப் பம்பரோட சேர்த்துக் கட்டுனேன். மத்தவங்களை ஒரு ஆட்டோ பிடிச்சு கோயிலுக்கு அனுப்பிட்டு, நான் கண்ணாடியைத் தட்டிவிட்டுட்டு 20 கிலோமீட்டர் வேகத்துல வீட்டுக்குத் திரும்புனேன்.

ரெண்டு மாசமா ஊருக்குள்ள ஓட்டிக்கிட்டுத்தானே இருந்தேன், அப்பல்லாம் ஏன் தூக்கலன்னு யோசிச்சேன். காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா அதோட அழுத்தம் நாலு மடங்காகும். பழங்காநத்தம் ரோட்டுல 35-ல போறப்ப பானெட் மேல வர்ற காத்து வேற, நாலுவழிச்சாலைல 70-ல வர்ற காத்து வேற. அதுவும் அம்பாசிடர்ல கீல் கண்ணாடிப் பக்கம் இருக்கு, திறக்குற வாய் முன்பக்கம் இருக்கு. லாக் விட்டு ஒரு இஞ்சு வாயைத் திறந்துட்டா உள்ள புகுற காத்தே அதைத் தூக்கி எறிஞ்சிரும். எங்க மாமா ஒருத்தர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வச்சிருந்தாரு, மெட்ராஸ்ல செஞ்ச வண்டி, அதுல மட்கார்டோட சேர்த்து மொத்த முன்பக்கமும் முன்னாடி பார்த்துக் கவிழ்ந்து திறக்கும், அதுல லாக் விட்டாக்கூட எதிர்காத்து பானெட்டை மூடத்தான் பார்க்கும். நம்ம ஊர்ல இப்ப ஓடுற காருல பெரும்பாலும் அம்பாசிடர் மாதிரிதான், மாருதி 800 எடுத்தாலும் அப்படித்தான், நேத்து ஷோரூம்ல இருந்து வந்த வண்டி எடுத்தாலும் அப்படித்தான். இந்த மாதிரி வண்டிக்குத்தான் அந்த ரெண்டாவது கொக்கி. முதல் லாக் ஏமாத்திட்டா பானெட் ஒரு இஞ்சோட நிக்கட்டும், டிரைவர் பார்த்து நிறுத்திக்கட்டும்னு அதை வச்சாங்க. தினமும் அதுக்கு வேலை இல்ல, ஆயுசுல ஒரே ஒரு நாள் வேலை, அந்த ஒரு நாளுக்குத்தான் அது இருக்கு.

மறுநாள் வண்டியைத் தெற்குவாசல் பக்கம் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். சின்ன லேத் பட்டறைதான், எழுபது வயசைத் தாண்டுன பெரியவர் ஒருத்தர், அப்பா காலத்துல இருந்து எங்க வண்டியைத் தெரியும். பானெட்டைத் தூக்கிப் பார்த்துட்டு, "கொக்கி எங்க தம்பி?"ன்னாரு. கழட்டிட்டாங்கய்யான்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்ல, கோவம் வந்தா அவரு பேச மாட்டாரு. அப்புறம் அந்த நைலான் கயித்தைச் சுண்டிப் பார்த்துட்டு, "இது எதுக்கு இம்புட்டு விறைப்பா இருக்கு, பாரு, கயிறு தகட்டைப் பாதி இழுத்தே வச்சிருக்கு, அப்பறம் எப்புடி முழுசாப் பிடிக்கும்?"னாரு. அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. அம்பாசிடர் இங்கிலாந்துல ஓடுன மாரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 வழியா வந்த வண்டி, லாக்கும் அந்தக் காலத்து எளிமையான லாக்தான். பானெட்டுக்கு அடியில தலை கூம்பா இருக்குற ஒரு பின், அதைச் சுத்தி ஒரு கனமான ஸ்பிரிங், கீழ ரேடியேட்டருக்கு முன்னாடி இருக்குற பட்டைல ஒரு ஓட்டை, ஓட்டைக்கு அடியில நகர்ற ஒரு தகடு. பின் கீழ இறங்குனதும் தகடு நகர்ந்து வந்து பின்னோட கழுத்தைப் பிடிக்கும், உள்ள குமிழை இழுத்தா ஒயர் அந்தத் தகட்டை நகர்த்தும், ஸ்பிரிங் பானெட்டை மேல தள்ளிவிடும். கயித்தை விறைப்பாக் கட்டுனதால தகடு பின்னோட கழுத்தைப் பாதிதான் பிடிச்சிருக்கு, ரெண்டு மாசம் அதிர்ந்து அதிர்ந்து அந்தப் பாதியும் நழுவிருச்சு. அதனால ஒயர் போட்டாலும் சரி, வேற எது போட்டாலும் சரி, கடைசில ரெண்டு மூணு மில்லிமீட்டர் தொய்வு இருக்கணும். குமிழு லேசா லொடலொடன்னு ஆடுனா நல்லதுதான்.

அடுத்து அவர் செஞ்ச ஒரு வேலையை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். சாமி படத்துக்குக் கீழ இருந்த குங்குமத்துல ஒரு சிட்டிகை எடுத்து கிரீஸ்ல குழைச்சு அந்தப் பின்னோட தலையில தடவுனாரு. பானெட்டை மெதுவா இறக்கி, லாக் ஆகாமலே தூக்கிட்டு, "இங்க வந்து பாரு"ன்னாரு. கீழ ஓட்டையோட இடது விளிம்புல மட்டும் செவப்பா ஒரு பிறை, வலது பக்கம் ஒண்ணுமே இல்ல. "முன்னாடி எங்கயாச்சும் இடிச்சியா?"ன்னு கேட்டாரு. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மாட்டு வண்டில லேசா இடிச்சு டிங்கரிங் பார்த்திருந்தோம், பட்டி போட்டு பெயிண்ட் அடிச்சு மேல பளபளன்னு இருந்தது, அடியில இருந்த பட்டை ஒரு மூணு மில்லிமீட்டர் தள்ளிப் போனதை யாரும் பார்க்கல. நாலு வருஷமா அந்தப் பின் ஒரு பக்கமா உரசி உரசித்தான் இறங்கியிருக்கு. லாக் போல்ட்டு நாலையும் லூஸ் பண்ணி தகட்டை நகர்த்தி, மறுபடி குங்குமம் வச்சு, மறுபடி இறக்கி, மூணாவது தடவை முழு வட்டமா செவப்பு விழுந்துச்சு. அதைப் பார்த்ததும் எனக்கு கண்ணு கலங்கிருச்சு, ஏன்னு தெரியல.

பின்னோட நீளத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. மேல ஒரு லாக் நட் இருக்கும், அதை ஸ்பானரால தளர்த்திட்டு, பின்னோட நுனில இருக்குற வெட்டுல ஸ்க்ரூ டிரைவரை வச்சுத் திருகினா ஏறும் இறங்கும். ரொம்ப நீளமா விட்டா பானெட் மூடுனப்புறமும் ஆடும், அந்த ஆட்டத்துலயே தகடு தேஞ்சிரும். ரொம்பக் குட்டையா வச்சா லாக்கே ஆகாது, ஓங்கி ஓங்கி அறையணும். பானெட் மூடுறப்ப வந்து உக்கார்றதுக்கு ரெண்டு பக்கமும் இருக்குற ரப்பர் பஃபரை முதல்ல பார்க்கணும், எங்க வண்டில ஒண்ணு இல்லவே இல்ல, இன்னொண்ணு சப்பையாப் போயிருந்தது. பஃபரைப் புதுசா வச்சிட்டுத்தான் பின்னை அளவு பார்க்கணும், மாத்திச் செஞ்சா ரெண்டு வேலை.

ஒயருக்கு வருவோம். அம்பாசிடருக்குன்னே பானெட் ஒயர் கேட்டு ரெண்டு மூணு கடை அலைஞ்சேன், கிடைக்கல. அம்பாசிடர் செஞ்ச உத்தர்பாரா ஃபேக்டரில 2014 மே மாசமே வண்டி செய்றது நின்னு போச்சு, 2017-ல அம்பாசிடர்ங்கிற பேரையும் 80 கோடி ரூபாய்க்கு பிரான்ஸ் நாட்டு பியூஜோ கார் கம்பெனிக்குக் குடுத்துட்டாங்க. சென்னை புதுப்பேட்டைல தேடுனா பழசு கிடைக்கலாம், ஆனா பழைய ஒயரை வாங்கி மாட்டுறதுல என்ன லாபம். பெரியவர் பைக் கிளட்ச் ஒயரோட சாமான்ல செஞ்சு குடுத்தாரு, அளவுக்கு அவுட்டர், அதாவது மேல் உறைக் குழாயை வெட்டி, வெட்டுன வாயை அரத்தால ராவி, உள்ள பிசிறு இல்லாமப் பார்த்து, இன்னர்ங்கிற உள் கம்பியை கிரீஸ்ல முக்கி உள்ள விட்டாரு. பழைய ஒயரைக் கையில குடுத்துப் பார்க்கச் சொன்னாரு, ஒரே இடத்துல, அந்தக் கிளாம்ப் கிட்ட வளையுற இடத்துல, இழை இழையா அறுந்திருக்கு, சில இழை பழுப்பேறி பழசா அறுந்தது, ரெண்டு மூணு இழை மட்டும் பளிச்சுன்னு புதுசா அறுந்தது. அதாவது வருஷக்கணக்கா ஒவ்வொண்ணா அறுந்துட்டே இருந்திருக்கு, கார்த்திகைல கடைசி ரெண்டு இழையும் போயிருச்சு. குமிழு இழுக்க இழுக்க கனமாகுதுன்னா அது ஒயர் சொல்ற சேதி, அன்னைக்கே மாத்திறணும், நூறு இருநூறு ரூபாய் வேலை. புது ஒயரை மடக்காம அகலமா வளைச்சுக் கொண்டுபோகணும். ஃபேன்லயும் சைலன்சர் மேனிஃபோல்டுலயும் படக்கூடாது, முக்கியமா பேட்டரியோட பிளஸ் முனைப் பக்கம் போகவே கூடாது, இரும்பு அவுட்டர் அதுல உரசுனா தீயே பிடிச்சிரும்.

கொக்கிதான் அவருக்கு அதிக நேரம் எடுத்துச்சு. பழைய கொக்கி ஒர்க்‌ஷாப்ல தேடிப் பார்த்துக் கிடைக்கல. வேற ஒரு அம்பாசிடர் வச்சிருக்குறவரு வீட்டுக்குப் போய் அவரு கொக்கியைக் கழட்டாமலே அட்டைல வரைஞ்சு அளவெடுத்துட்டு வந்தேன். மூணு மில்லிமீட்டர் இரும்புத் தகட்டுல வெட்டி, வளைச்சு, அரம் போட்டு, ஆணிக்கு ஓட்டை போட்டு, ஸ்பிரிங் மாட்டுனாரு. கொக்கி உடைஞ்சு போனா வெல்டிங் வச்சு ஒட்டலாமான்னு கேட்டேன், "ஒட்டலாம், ஒட்டுன இடத்துக்குப் பக்கத்துல மறுபடி விடும், அப்ப யாரு ரோட்டுல நிக்குறது?"ன்னாரு. கொக்கி தானா வந்து மாட்டணும், விரல் விட்டுத் தள்ளுனாத்தான் விடணும், அதுக்குத் தகுந்த மாதிரி ஸ்பிரிங் இருக்கணும்னு நாலு ஸ்பிரிங் மாத்திப் பார்த்தாரு. கூலி எண்ணூறு ரூபாய் வாங்குனாரு. புதுக் கண்ணாடிக்கும் பானெட்டை நிமித்துறதுக்கும் ஆன செலவோட பார்த்தா அது ஒண்ணுமே இல்ல.

இதைப் படிக்கிறவங்க எந்தக் கார் வச்சிருந்தாலும் சரி, இன்னைக்கே ஒண்ணு செஞ்சு பாருங்க. வண்டி நிக்கிறப்ப உள்ள இருக்குற லீவரை இழுங்க. பானெட் ஒரு இஞ்சு தூக்கிட்டு நிக்கணும். இப்ப கொக்கியைத் தொடாம விளிம்பைப் பிடிச்சு மேல தூக்கிப் பாருங்க, நல்லா பலமாவே தூக்குங்க, வரக்கூடாது. வந்துச்சுன்னா உங்க வண்டில கொக்கி செத்துப் போச்சுன்னு அர்த்தம், தயவுசெஞ்சு அந்த வண்டியை நாலுவழிச்சாலைல ஏத்தாதீங்க. கொக்கி இருக்கு ஆனா இறுகிப் போயிருக்குன்னா மண்ணெண்ணெயோ டீசலோ விட்டு பழைய பிரஷ்ஷால தேய்ச்சு, பழைய கிரீஸும் புழுதியும் சேர்ந்து களியா இருக்குறதை எல்லாம் எடுத்துட்டு, புது கிரீஸ் வைங்க, பாதி வண்டிக்கு அதுவே போதும். நம்ம ஊர் செம்மண் புழுதிக்கு ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இதைச் செய்யணும்.

ஒர்க்‌ஷாப் வச்சிருக்குற தம்பிங்களுக்கு என் வேண்டுகோள், கொக்கி உடைஞ்சிருந்தா உடைஞ்சிருக்குன்னு ஓனர்கிட்ட சொல்லுங்க, கழட்டிட்டு அனுப்பாதீங்க, அவசரத்துக்குக் கயிறு கட்டுனா அது வீடு போய்ச் சேர்ற வரைக்கும்தான்னு சொல்லி அனுப்புங்க. அப்புறம் ஆர்டிஓ ஆபீஸ் அதிகாரிங்களுக்கும் ஒண்ணு. 15 வருஷம் தாண்டுன சொந்த வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒருக்கா ஆர்சி புதுப்பிக்க வண்டியை நேர்ல கொண்டு வந்து காட்டுறோம், லைட் பார்க்குறீங்க, ஹாரன் பார்க்குறீங்க, பிரேக் பார்க்குறீங்க, நம்பர் சரிபார்க்க பானெட்டைத் திறக்கத்தான் சொல்றீங்க. திறந்தது திறந்தாச்சு, அந்தக் கொக்கியை ஒரு விரலால தள்ளிப் பார்த்தா பத்து செகண்டு. இல்லாத வண்டியைத் திருப்பி அனுப்புங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க, கோவிச்சாலும் பரவாயில்ல. சித்திரைத் திருவிழா வருது, சுத்துப்பட்டு ஊர்ல இருந்தெல்லாம் பழைய வண்டி எடுத்துக்கிட்டு குடும்பம் குடும்பமா மதுரைக்கு வருவாங்க, அதுக்கு முன்னாடி இந்தக் கடிதத்தைப் போட்டீங்கன்னா ரொம்ப உதவியா இருக்கும்.

இப்படிக்கு
உங்கள் நீண்டநாள் வாசகன்,
திருநகர், மதுரை.

பி.கு: கொக்கி வெட்டுனப்ப அதே அளவுல இன்னும் ரெண்டு சேர்த்து வெட்டச் சொன்னேன். மார்க் 3 வச்சிருக்குற யாராச்சும் உங்க ஆபீசுக்கு எழுதிக் கேட்டா எனக்குச் சொல்லிவிடுங்க, காசு வேண்டாம், அட்டைல வரைஞ்ச அளவையும் சேர்த்துக் கொண்டாந்து குடுக்குறேன்.